உப்பு ஏறும்போதும் இறங்கும்போதும்: டுனாலியெல்லா நுண்பாசியை வளர்த்து, அதன் தகவமைப்பைக் கண்ணால் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளையும் பாத்தியின் நீர் கோடையில் கடல்நீரைவிட ஏழெட்டு மடங்கு உப்பாக இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டினால், அதே பாத்தியின் மேல்மட்டம் ஓர் இரவுக்குள் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒற்றைச் செல் உயிர்களில் அதிகம் ஆராயப்பட்டது டுனாலியெல்லா சலைனா.

கல்லூரிச் செயல்திட்டத்துக்காகவோ, இறால் குஞ்சுப் பொரிப்பக வேலைக்காகவோ, வெறும் ஆர்வத்துக்காகவோ இதை வளர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பாசி எவ்வளவு உப்பைத் தாங்கும் என்ற கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். உப்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது, அந்த வேகத்துக்குச் செல்லுக்குள் எந்த வேலை ஈடுகொடுக்கிறது என்பதுதான் பயனுள்ள கேள்வி. செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறுவதும் உள்ளே வருவதும் நொடிகளில் நடக்கும். கிளிசரால் என்ற கரைபொருளை உண்டாக்கிப் பழைய பருமனுக்குத் திரும்ப ஓரிரு மணி நேரம் ஆகும். புதிய புரதங்களைச் செய்து சவ்வில் பதிக்க ஒரு நாளாவது வேண்டும். நிறம் மாறப் பல நாட்கள். சோதனையைத் திட்டமிடும்போது இந்த நான்கு வேகங்களையும் மனதில் வைத்திருந்தால், கீழே வரும் படிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானாகப் புரியும்.

பாசியைப் பற்றிக் கொஞ்சம்

1838இல் மிஷேல் ஃபெலிக்ஸ் டுனால் தென் பிரான்சில் மோன்பெலியே பக்கத்து உப்பளங்களில் நீர் சிவப்பாக இருப்பதைக் கவனித்து, அதில் இந்தப் பாசியைக் கண்டார். 1905இல் ருமேனிய அறிஞர் இமானுவேல் தியோதொரெஸ்கு இதற்குத் தனிப் பேரினம் அமைத்து, டுனாலின் பெயரையே வைத்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டை வடிவில் ஒரு பச்சைச் செல், முன்பக்கம் சம நீளத்தில் இரண்டு கசையிழைகள், உள்ளே கிண்ணம்போல ஒரே ஒரு பெரிய பசுங்கணிகம், ஒரு கண்புள்ளி. சுறுசுறுப்பாக நீந்தும்.

இதற்குச் செல்சுவர் கிடையாது. மெல்லிய ஒரு பூச்சு, அதற்குள் சவ்வு, அவ்வளவுதான். அதனால் வெளியே உப்பு கூடினால் செல் சுருங்கும், குறைந்தால் பருக்கும். தடுத்து நிறுத்த ஓடு ஒன்றும் இல்லை. இதைப் பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. வெளியே நடக்கும் மாற்றம் பருமன் மாற்றமாக உடனே செல்லுக்குத் தெரிந்துவிடுகிறது. நமக்கும் அது வசதி: விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், கல்லூரி நுண்ணோக்கியிலேயே தகவமைப்பைப் பார்த்துவிடலாம்.

செல்லுக்குள் நடப்பது

உப்பில் போட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விடுவதுபோல, வெளியே உப்பு ஏறியதும் டுனாலியெல்லாவும் தண்ணீரை இழக்கிறது. அதை மீட்க வேண்டுமானால் வெளியே இருக்கும் கரைபொருளுக்குச் சமமாக உள்ளேயும் ஏதாவது கரைந்திருக்க வேண்டும். உப்பையே உள்ளே விட்டுக்கொள்வது ஒரு வழி. உப்பு விரும்பும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா போலத் தோன்றும் தனி வகை நுண்ணுயிரிகள்) அப்படித்தான், பொட்டாசியம் குளோரைடை உள்ளே நிரப்பிக்கொள்கின்றன. ஆனால் அதற்கு அவற்றின் புரதங்கள் எல்லாமே உப்புச் சூழலில் வேலை செய்யும்படி அமைந்திருக்க வேண்டும். டுனாலியெல்லாவின் நொதிகள் அப்படிப்பட்டவை அல்ல, சோடியம் கூடினால் முடங்கிவிடும். ஆகவே அது சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே, உள்ளே கிளிசராலைச் சேர்க்கிறது. இந்தப் பாசியில் கிளிசரால் குவிவதை 1964இல் கிரெய்கியும் மெக்லாக்லனும் வெளியிட்டார்கள். 1970களில் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் பென்-அமோட்ஸும் அவ்ரோனும், வெளி உப்புக்கு ஏற்பக் கிளிசரால் கூடிக் குறைவதை விரிவாக ஆராய்ந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் பிரமாண்டம் விளங்கும். ஒரு மோல் உப்பு கரைந்தால் சோடியம், குளோரைடு என்று இரண்டு மோல் துகள்கள். கிளிசரால் கரைந்தால் ஒன்றுதான். எனவே 2 மோலார் (லிட்டருக்கு 2 மோல், அதாவது 117 கிராம்) உப்புநீரில் வாழும் செல்லுக்கு உள்ளே சுமார் 4 மோலார் கிளிசரால் வேண்டும். ஒரு லிட்டர் செல்நீருக்கு 370 கிராம் அளவுக்கு! உப்பு படியும் நிலையை நெருங்கும்போது கிளிசரால் 7 மோலாரைத் தொடும், செல்லின் உலர் எடையில் பாதிவரை அதுவே இருக்கும். இத்தனை அடர்த்தியிலும் கிளிசரால் நொதிகளைக் கெடுப்பதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சவ்வின் பங்குதான். பொதுவாக உயிர்ச்சவ்வுகள் வழியே கிளிசரால் எளிதில் கசிந்துவிடும். டுனாலியெல்லாவின் வெளிச்சவ்வு அதற்கு அசாதாரணமாக இறுக்கமானது. உள்ளே மோலார் கணக்கில் இருந்தாலும் வெளியே போகவிடாது. ஆனால் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேலே போகப் போக அந்தப் பிடி தளரும். நம் ஊர்க் கோடையில் மொட்டை மாடியில் கல்ச்சர் (குடுவையில் வளர்க்கும் பாசி) வைப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

கிளிசரால் எங்கிருந்து வருகிறது? வெளிச்சம் இருந்தால் ஒளிச்சேர்க்கையிலிருந்தும், பசுங்கணிகத்தில் சேமித்த மாவுச்சத்திலிருந்தும். இருட்டில் மாவுச்சத்து மட்டும். இதற்கான நொதிகள் ஏற்கெனவே தயாராக இருப்பதால், புதுப் புரதம் செய்வதை மருந்து போட்டுத் தடுத்தாலும் ஆரம்பக் கட்டக் கிளிசரால் உற்பத்தி நிற்பதில்லை. உப்பு குறைந்தால் பாதை திரும்பும், கிளிசரால் மறுபடி மாவுச்சத்தாகும்.

எல்லா நுண்பாசிகளும் இதே வழியில் போவதில்லை. பொரிப்பகங்களில் வளர்க்கும் டெட்ராசெல்மிஸ் கிளிசராலுக்குப் பதில் மானிட்டாலைப் பயன்படுத்துகிறது. அதிக உப்பில் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் பல கிளைசின் பீட்டைனைச் சேர்க்கின்றன. வேறு பாசியை வைத்துச் சோதனை செய்தால் இந்தக் கட்டுரையின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 1: கல்ச்சரைப் பெறுதல்

பெயர் உறுதியான தூய கல்ச்சரில் தொடங்குவதே நல்லது. நுண்பாசிக் கல்ச்சர்களைப் பேணும் மீன்வள ஆய்வு நிலையங்களிலும் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைகளிலும் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு உப்பில் வளர்ந்தது, எந்த ஊடகம் (பாசி வளரும் சத்துநீர்) என்பதை மறக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தகவல் இல்லாமல் வாங்கிய கல்ச்சரை உங்கள் ஊடகத்தில் ஊற்றினால், தெரியாமலே ஓர் உப்பு அதிர்ச்சி கொடுத்தவர்களாவீர்கள்.

உப்பளத்திலிருந்து எடுப்பதானால் உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். சிவப்பாகத் தெரியும் நீரெல்லாம் டுனாலியெல்லா என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உப்பு படியும் பாத்திகளின் சிவப்பில் பெரும்பங்கு உப்பு விரும்பும் ஆர்க்கியாக்களுடையது. டுனாலியெல்லாவின் நிறமி செல்லுக்குள் சிறு துளிகளாகத் திரண்டிருப்பதால், அத்தனை நிறமி இருந்தும் நீரின் நிறத்துக்கு அது கொடுப்பது குறைவுதான். படியும் பாத்திக்கு முந்தைய, நடுத்தர உப்பளவுள்ள நீரில் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

படி 2: ஊடகமும் உப்பும்

அயோடின் சேர்த்த சமையல் உப்பு வேண்டாம். கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருட்களும் அதில் உண்டு. ஆய்வகத் தர சோடியம் குளோரைடு, இல்லையென்றால் அயோடின் சேர்க்காத கல்லுப்பு. கல்லுப்பிலும் அயோடின் சேர்த்து விற்கிறார்கள், உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு லிட்டருக்கு: பொட்டாசியம் நைட்ரேட் 0.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் (நீரேறியது) 1.2 கிராம், கால்சியம் குளோரைடு 0.04 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.03 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.1 கிராம், எஃப்/2 என்ற கடல்பாசி வளர்ப்பு ஊடகத்துக்கான நுண்தனிமக் கரைசல் 1 மி.லி. பைகார்பனேட்டைக் கடைசியில், கொதிக்கவைத்து ஆறிய பிறகு சேருங்கள். சூட்டோடு சேர்த்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். பிஎச் 7.5 முதல் 8 வரை இருக்கட்டும். பைகார்பனேட்டை விட்டுவிடாதீர்கள். உப்பு ஏற ஏற நீரில் கார்பன் டைஆக்சைடு கரைவது குறையும், பாசி கார்பனுக்குத் தவிக்கும்.

உப்பின் அளவு: 1 மோலாருக்கு லிட்டருக்கு 58.4 கிராம், 1.5க்கு 88, 2க்கு 117, 3க்கு 175, 4க்கு 234. உப்பை முதலில் கரைத்துவிட்டு அப்புறம் ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 234 கிராமைக் கொட்டினால் மொத்தம் ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும், அடர்த்தி குறையும். கையடக்க உவர்ப்புமானிகள் பெரும்பாலும் ஆயிரத்துக்கு நூறு வரைதான் காட்டும். அதற்கு மேல் என்றால் காய்ச்சி வடித்த நீரில் பத்து மடங்கு நீர்த்து அளந்து பெருக்கிக்கொள்ளலாம். துல்லியம் கொஞ்சம் குறையும், ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

படி 3: ஒரே உப்பில் நிலைக்கவிடுதல்

1 மோலாரிலோ 1.5 மோலாரிலோ தொடங்குங்கள். வெப்பம் 25 முதல் 30 டிகிரி, வெள்ளை எல்இடி குழல்விளக்கு நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம், தினம் இரண்டு முறை மெல்லச் சுழற்றிவிடுதல். வேறெதுவும் தேவையில்லை. எண்ணிக்கை சீராக ஏறும் கட்டத்தில், நல்ல பச்சையில் இருக்கும்போதே புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று தலைமுறைக் குடுவைகள் ஒரே உப்பில் ஓடிய பிறகுதான் சோதனை. பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். போன வாரத்து உப்பு மாற்றத்திலிருந்தே மீளாத கல்ச்சரில் இந்த வாரச் சோதனையைச் செய்தால், முடிவு எதைச் சொல்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

செல்களை எண்ணும்போது நீந்துவதை நிறுத்த லூகால் அயோடின் சேர்ப்பது வழக்கம். கடையில் வாங்கிய லூகால் நல்ல தண்ணீரில் செய்தது. உப்புநீர்ச் செல்லுக்கு அருகில் அது அதிகம் போனால் செல் வெடித்துவிடும், எண்ணிக்கை குறைவாக வரும். அதே உப்பளவில் லூகாலைத் தயாரியுங்கள். கழுவுவது, நீர்ப்பது எல்லாவற்றுக்கும் இதே விதி. மையவிலக்கியிலும் குறைந்த வேகமே போதும், சுவரில்லாத செல் அழுத்தினால் சிதையும்.

படி 4: உப்பை ஏற்றுதல்

திட உப்பை நேராகக் குடுவையில் போடாதீர்கள். கரையும் படிகத்தைச் சுற்றி அடர்த்தி எகிறும், அங்கே மாட்டும் செல்கள் சாகும். எல்லாச் சத்துகளும் சேர்ந்த 4 மோலார் ஊடகம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு, அதை மெல்ல ஊற்றிக் கலக்குங்கள்.

எவ்வளவு ஊற்றுவது? இருக்கும் கனஅளவை, வேண்டிய அடர்த்திக்கும் இப்போதைய அடர்த்திக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, ஊற்றும் கரைசலுக்கும் வேண்டிய அடர்த்திக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்கவும். 1 மோலாரில் 200 மி.லி. இருக்கிறது, 1.5 வேண்டும் என்றால் 200 × 0.5 ÷ 2.5, அதாவது 40 மி.லி. உப்பை மாற்றாமல் வைக்கும் ஒப்பீட்டுக் குடுவைக்கும் 40 மி.லி. ஊற்ற வேண்டும், ஆனால் 1 மோலார் ஊடகம். இல்லாவிட்டால் செல் எண்ணிக்கை குறைந்தது உப்பாலா நீர்த்ததாலா என்று தெரியாது.

மூன்று குடுவைகள் வையுங்கள். ஒன்று மாற்றமில்லாதது. இரண்டாவது 1.5இலிருந்து 3 மோலாருக்கு ஒரேயடியாக. மூன்றாவது அதே 3 மோலாருக்கு, இரண்டு நாளைக்கு ஒரு முறை அரை மோலார் வீதம். நாலாவதாக ஒரு குடுவைக்கு வசதி இருந்தால், அதையும் ஒரேயடியாக ஏற்றி அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் வையுங்கள். மாவுச்சத்தை வைத்தே செல் மீள்வதை அதில் பார்க்கலாம்.

படி 5: முதல் மூன்று மணி நேரம்

ஒரேயடியாக ஏற்றிய குடுவையிலிருந்து உடனே ஒரு துளி எடுத்துப் பாருங்கள். செல்கள் சுருங்கி, ஓரம் மடிந்து, பல நீந்தாமல் கிடக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புதுத் துளி எடுங்கள். ஒரே துளியை வைத்துக்கொண்டே பார்த்தால் கண்ணாடித் தகட்டில் நீர் ஆவியாகி உப்பு தானே ஏறும், அது வேறு சோதனையாகிவிடும். ஒவ்வொரு முறையும் முப்பது செல்களின் நீள அகலத்தை அளந்து சராசரி எடுங்கள். ஒரு மணி நேரம் நெருங்கும்போது வடிவம் மீளத் தொடங்கும். இரண்டு மூன்று மணிக்குள் பெரும்பாலான செல்கள் பழைய முட்டை வடிவுக்கு வந்து நீந்தும்.

இந்த இடைவெளிக்குள் உள்ளே கிளிசரால் கிட்டத்தட்ட இரு மடங்காகியிருக்கிறது. அதை நேரில் அளக்க விரும்புபவர்கள் செல்களை அதே உப்புநீரில் கழுவி, பிளந்து, பெர்அயோடேட்டால் கிளிசராலை ஃபார்மால்டிஹைடாக மாற்றி, அசிட்டைல் அசிட்டோன் சேர்த்து வரும் மஞ்சள் நிறத்தை 410 நானோமீட்டர் அருகே நிறமானியில் படிக்கலாம். கிளிசரால் தரக் கரைசல்களை வைத்து அளவுக்கோடு ஒன்று வரைந்துகொள்ள வேண்டும். முடிவை எப்போதும் ஒரு செல்லுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள், ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று எழுதினால் ஒப்பிட முடியாது.

பருமன் திரும்பிவிட்டது என்பதால் தகவமைப்பு முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒரேயடியாக ஏற்றிய குடுவையில் செல் பிரிதல் ஒரு நாளோ இரண்டு நாளோ நின்றுபோகும். அந்த நேரத்தில் சவ்வில் புதிய புரதங்கள் சேர்கின்றன. உப்பு நீரில் குறைந்துபோன கார்பனைப் பிடிக்க உதவும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் வகை நொதியும், இரும்பைப் பற்றும் டிரான்ஸ்ஃபெரின் போன்ற புரதமும் அதிக உப்பில் கூடுவதை வைஸ்மான் நிறுவன ஆய்வுகள் காட்டின. படிப்படியாக ஏற்றிய குடுவையில் இந்தத் தேக்கம் மிகக் குறைவாக இருக்கும். இரண்டு வளர்ச்சிக் கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள், வேகம் என்பது என்ன செய்கிறது என்று அங்கே தெரியும்.

படி 6: உப்பை இறக்குதல்

ஏற்றுவதைவிட இறக்குவதே ஆபத்தானது. சுருங்கிய செல் காத்திருக்கலாம், பருத்த செல் வெடித்துவிட்டால் திரும்பாது. உப்பைப் பாதியாக்குவதோடு நிறுத்துங்கள்: 2 மோலார் கல்ச்சர் 200 மி.லி.யில், உப்பில்லாத ஆனால் சத்துகள் உள்ள ஊடகம் 200 மி.லி.யைக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக. செல்கள் உருண்டு பருக்கும், அப்புறம் சில மணி நேரத்தில் அடங்கும். அடுத்த நாள் அயோடின் போட்டுப் பார்த்தால் பசுங்கணிகத்தில் கருநீலம் கூடியிருக்கும், கிளிசரால் மாவுச்சத்தாகியதன் அடையாளம் அது. பத்தில் ஒன்றாக ஒரேயடியாகக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சிறு சோதனைக்குழாயில் மட்டும் பாருங்கள். கிளிசரால் வெளியே கசிவதும் செல்கள் உடைவதும் நடக்கும்.

இயற்கையில் மழை எப்போதும் எமனாக வருவதில்லை. சாக்கடல் நல்ல உதாரணம். அதன் நீர் டுனாலியெல்லாவுக்கே தாங்காத அளவு உப்பும் மெக்னீசியமும் கொண்டது, சாதாரண ஆண்டுகளில் பாசி அங்கே பெருகுவதில்லை. 1980லும் 1992லும் கனமழைக் குளிர்காலங்களுக்குப் பிறகு மேல்மட்ட நீர் நீர்த்துப்போனதும் டுனாலியெல்லா திடீரெனப் பெருகியது. அதன் பின்னாலேயே ஆர்க்கியாக்கள் பெருகி, ஏரி செந்நிறம் கொண்டது. டுனாலியெல்லா சலைனாவும் அப்படித்தான். உப்பு படியும் நிலையில் உயிரோடு இருக்கும், ஆனால் வேகமாகப் பிரிவது 1 முதல் 2 மோலார் வரையில்தான். பின் ஏன் அவ்வளவு உப்பில் வாழ்கிறது? அதைத் தின்னும் ஃபாப்ரியா போன்ற குற்றிழை உயிரிகளும் போட்டிப் பாசிகளும் அங்கே குறைவு. உங்கள் குடுவை இரண்டு நாளில் காரணமில்லாமல் தெளிந்துபோனால், ஒரு துளியில் அந்தக் குற்றிழை உயிரிகளைத் தேடுங்கள். உப்பை ஏற்றுவதே அதற்கு நல்ல மருந்து.

படி 7: நிறம் மாறும் வாரம்

கடைசி வேலை மிக மெதுவானது. உப்பு அதிகம், வெளிச்சம் அதிகம், நைட்ரேட் குறைவு என்ற மூன்றும் சேரும்போது செல் பிரிவதை நிறுத்தி, பசுங்கணிகத்துக்குள் பீட்டா கரோட்டினை எண்ணெய்த் துளிகளாகச் சேர்க்கிறது. அது பச்சையத்தைக் கடும் வெளிச்சத்திலிருந்து காக்கும் திரை. உலர் எடையில் பத்து சதவீதம்வரை போகலாம் என்பதால்தான் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூனிலும் இஸ்ரேலின் ஐலாட்டிலும் இதைப் பண்ணையாக வளர்க்கிறார்கள்.

செய்து பார்க்க: 3 மோலாரில் நிலைத்த கல்ச்சரை, நைட்ரேட்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்த ஊடகத்துக்கு மாற்றி, பிரகாசமான வெளிச்சத்தில் வையுங்கள். நேரடி வெயில் என்றால் குடுவையின் சூட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள். பச்சை முதலில் வெளிறி மஞ்சளாகி, ஒரு வாரம் பத்து நாளில் செம்மஞ்சளாகும். எல்லா இனங்களும் இப்படி மாறாது. டுனாலியெல்லா விரிடிஸ் பச்சையாகவே இருக்கும், ஆகவே நிறம் வராவிட்டால் முதலில் இனத்தைச் சந்தேகியுங்கள். வெறும் உப்பை மட்டும் ஏற்றி நிறத்துக்காகக் காத்திருந்தாலும் ஏமாற்றமே மிஞ்சும். வெளிச்சமும் சத்துக் குறைவும் கூடவே வேண்டும்.

செம்மஞ்சளான கல்ச்சரைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். தூய்மை பரிசோதிக்காத கல்ச்சர் உணவல்ல. அதில் ஒரு பகுதியை 1.5 மோலாருக்கு இரண்டு கட்டமாக இறக்கி, முழு நைட்ரேட் கொடுத்து, மிதமான வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். செல்கள் மறுபடி பிரியத் தொடங்கும், கரோட்டின் பங்கு குறையும், சில நாளில் குடுவை பச்சையாகும். இந்தத் திரும்பும் பாதையையும் தினமும் எண்ணிப் பதிவு செய்யுங்கள். ஏறும்போது ஆன நாட்களும் இறங்கும்போது ஆகும் நாட்களும் ஒன்றாக இருக்காது, அந்த வித்தியாசமே தனி அறிக்கைக்குப் போதுமான பொருள். தாய்க் கல்ச்சரை மட்டும் எந்தச் சோதனைக்கும் தொடாமல், 1.5 மோலாரில், மங்கிய வெளிச்சத்தில், மாதம் ஒரு முறை மாற்றிக்கொண்டு இரண்டு குடுவைகளாக வைத்திருங்கள்.